ஆம், நான்தான்

ராமநாதபுரத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சாலையில், சீமைக்கருவேலங்காட்டை வெட்டித் தள்ளிக் கட்டிய பொறியியல் கல்லூரி ஒன்று இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்பவர் காளிராஜ். கடலாடிக்காரர், வயது முப்பத்தெட்டு. படிப்பு டிப்ளமோதான். ஆனால் பேராசிரியர்களுக்கே ஏதாவது சிக்கிக்கொண்டால் ‘காளியைக் கூப்பிடுங்க’ என்பார்கள். வேலை முடிந்ததும் நன்றி சொல்ல மறந்துபோவார்கள். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவருடைய கோபத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். மற்றபடி பரம சாது. யாராவது வண்டி ஓட்டிக்கொண்டே போனைப் பார்த்துவிட்டால் மட்டும் மனிதருக்கு வெறி வந்துவிடும். கல்லூரி வாசலில் ஒருத்தனை வண்டியிலிருந்து இறக்கி, போனைப் பிடுங்கித் திட்டினார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் மனைவி கனகலட்சுமிக்கும் ஒரு சட்டம் உண்டு, அவர் பைக்கில் இருக்கும் நேரத்தில் கூப்பிடக் கூடாது. ஏன் என்று அவளும் கேட்டுப் பார்த்தாள். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

பதில் ஒரு பெண்பிள்ளையின் பெயரில் இருந்தது. ஜெயப்பிரியா.

மூன்று வருடங்களுக்கு முன்னால் நடந்தது. கடைசி வருடப் பிள்ளைகள் ஆளுக்கொரு வெப்சைட் செய்து, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் அதை இன்டர்நெட்டில் திறந்து காட்ட வேண்டும். வெப்சைட் என்றால் அது எங்கேயோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் குடியிருந்தாக வேண்டும். வாடகையில்லாமல் அந்தக் குடித்தனத்துக்கு இடம் தர, மாணவர்களுக்கென்றே இலவச கிளவுட் கணக்கு உண்டு. கல்லூரி மெயில் ஐடி இருந்தால் போதும். இலவசம் என்றால் சும்மா விட்டுவிடுவார்களா? ஒவ்வொரு கணக்குக்கும் உலகத்தில் ஐந்தே ஐந்து ஊர்களைத்தான் அனுமதிப்பார்கள். எந்த ஐந்து என்பது கணக்கு திறந்த பிறகுதான் தெரியும். வெப்சைட் வைக்கும் வசதியோ வேறு சில ஊர்களில் மட்டும் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால், ‘இந்தப் பகுதியில் வைக்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று சிவப்பு எழுத்து வந்து நிற்கும்.

அந்த வருடம் நாற்பத்திரண்டு பிள்ளைகளில் நாற்பத்தொரு பேருக்குச் சிவப்பு எழுத்து. காளிராஜ் ஒவ்வொருவரின் பட்டியலாக எடுத்து, ஊர் ஊராக மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஜெயப்பிரியாவின் பட்டியலில் மட்டும் ஹாங்காங் இருந்தது, ஹாங்காங்கில் வெப்சைட் வைக்கும் வசதியும் இருந்தது. முதுகுளத்தூருக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூரில், மிளகாய் போடும் ராக்கப்பனின் மகள் அவள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு ‘ஹாங்காங்காரி’ என்று பெயர்.

காளிராஜ் ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்பத்திரண்டு வெப்சைட்டையும் அவள் ஒருத்தியின் கணக்கிலேயே குடிவைத்துவிடுவது. விதிமுறைப்படி சரியா என்று அவர் யோசிக்கவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவளிடம் கேட்டபோது சிரித்தாள்.

“வச்சுக்கங்க சார். வீட்டுல ஆளு நெறைய இருந்தா நல்லாத்தானே இருக்கும்.”

அதில் ஒரே ஒரு சிரமம். லேபிலிருந்து அவர் அந்தக் கணக்கைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய போனுக்கு ஒரு கேள்வி போகும். ‘ஜெயப்பிரியா, உள்ளே வருவது நீங்கள்தானா?’ அவள் தன் போனைத் தமிழில் வைத்திருந்தாள். கீழே பச்சையில் ‘ஆம், நான்தான்’, சிவப்பில் ‘இல்லை’. அவள் பச்சையை அமுக்கினால்தான் இங்கே கதவு திறக்கும். வழக்கமாக நான்கு நொடியில் அமுக்கிவிடுவாள்.

திங்கட்கிழமை தேர்வாளர் வருகிறார் என்றிருந்தபோது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் காளிராஜ் அவளுக்குப் போன் செய்தார்.

“நாளைக்குக் காலையில பதினொன்றரை வாக்குல உள்ள போவேன்மா. போனக் கையிலயே வச்சுக்க. விட்டுட்டேன்னா நாப்பத்திரெண்டு பேரு பொழப்பும் போச்சு, பாத்துக்க.”

விளையாட்டாகத்தான் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே, “விடமாட்டேன் சார்” என்றாள்.

சனிக்கிழமை அவர் உட்காரும்போது மணி பதினொன்று நாற்பத்திரண்டு ஆகிவிட்டது. கேள்வி போனது. நான்கு நொடி தாண்டி, பத்து தாண்டி, அரை நிமிடத்துக்கு மேல் ஆகியும் பதில் இல்லை. ‘என்ன பண்ணுது இந்தப் பிள்ளை’ என்று முணுமுணுத்தார். அப்போது ‘ஆம்’ வந்தது. வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

மதியம் ஒரு மணிக்குச் செய்தி வந்தது. முதுகுளத்தூர்ச் சாலையில் ஸ்கூட்டி மீது லாரி. ஜெயப்பிரியா அந்த இடத்திலேயே போய்விட்டாள். மறுநாள் பேப்பரில் ‘காலை 11.45 மணியளவில்’ என்று போட்டிருந்தார்கள்.

மூன்று நிமிடம். அந்தக் கணக்கைப் போடுவதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஓடும் வண்டியில் போனை எடுத்திருக்கிறாள், கேள்வியைப் பார்த்திருக்கிறாள், பச்சையை அமுக்கியிருக்கிறாள், நிமிர்வதற்குள் லாரி. அரை நிமிடம் ஏன் தாமதம் என்பதும் விளங்கிவிட்டது. ஒரு கையால் பையைத் துழாவியிருப்பாள். காளிராஜ் இதை யாரிடமும் சொல்லவில்லை. எரியூட்டியபோது கண்மாய்க்கரையில் தள்ளி நின்று பார்த்துவிட்டு, யார் முகத்திலும் விழிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பினார். திங்கட்கிழமை நாற்பத்தொரு பிள்ளைகள் அழுதுகொண்டே வெப்சைட்டைக் காட்டித் தேர்ச்சி பெற்றார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இது எல்லா ஊரிலும் நடக்கிற சாலை விபத்துதான்.

மாணவர் கணக்கை வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மாசி மாதம் அந்த நினைவூட்டல் கல்லூரி மெயிலுக்கு வந்தது. ‘ஜெயப்பிரியா, நீங்கள் இன்னும் மாணவர்தானா?’ படித்து முடித்தவர்களின் மெயிலை அழிப்பது காளிராஜின் பொறுப்பு. அவளுடையதை மட்டும் அவர் அழிக்கவில்லை. அழிக்கப் போனால் கை வராது. அந்த மெயிலில் நுழைந்து, ‘ஆம்’ என்று பதில் சொல்லி, கணக்கைத் திறக்கப் போனார். வழக்கமான கேள்வி அவள் போனுக்குப் போனது. இங்கேயே நின்றுவிடும், நிற்கட்டும் என்றுதான் நினைத்தார்.

நான்காவது நொடியில் பதில் வந்தது. ‘ஆம், நான்தான்.’

பகல் பன்னிரண்டு மணி. லேபில் முப்பது பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. காளிராஜுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். அவள் வீட்டில் யாரோ போனை வைத்திருக்கிறார்கள், தெரியாமல் அமுக்கியிருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். புத்தி ஒப்புக்கொண்டது. ஆனாலும் அன்று முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை.

அடுத்த மாசியிலும் அப்படியே. கேள்வி, நான்கு நொடி, ‘ஆம், நான்தான்’. இந்தத் தடவை அவர் அதை எதிர்பார்த்தார் என்பதுதான் கொடுமை. வருகிறாளா என்று பார்ப்பதற்காகவே லேபைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்ததும் பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அதிகம் பயந்தார்.

இன்னொன்றும் இருந்தது. நாற்பத்திரண்டு வெப்சைட்டில் நாற்பத்தொன்றை இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவளுடையதற்கு மட்டும் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு ஆள் வருவார். அவள் செய்திருந்தது தன் வீட்டு மிளகாய்த் தோட்டத்தைப் பற்றிய பக்கம். திறந்ததும் களத்தில் காயும் முண்டு மிளகாய், நடுவில் தலைப்பாகையோடு ராக்கப்பன், கூடவே அவள் குரல். “வணக்கம், இது எங்க அய்யாவோட தோட்டம்.” காளிராஜ் அந்தக் குரலை ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு ஸ்பீக்கரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

இந்த மாசியில் கேள்வி போனது. பதில் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. பத்து நாட்களாகக் காலை ஆறு மணி ஆளையும் காணவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். இன்னும் ஒரு வாரத்தில் கணக்கு மூடிவிடும். அந்தப் பக்கத்தைக் காப்பாற்றுவது அவருக்கு அரை மணி நேர வேலை. வேறெங்காவது நகல் எடுத்து வைத்துவிடலாம். ஆனால் அவள் பெயரைச் சொல்லிக் கேட்கும் கேள்வியை நகல் எடுக்க முடியாது. அந்தப் பக்கம் பச்சையை அமுக்கிக்கொண்டிருந்தவருக்கு என்ன ஆயிற்று? இரண்டு வருடமாக நடுங்கவைத்த பதில், இப்போது வராமல் இருப்பது அதைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை காலை உத்தரகோசமங்கை வழியாக முதுகுளத்தூர் போகும் பஸ்ஸில் ஏறினார். கனகலட்சுமியிடம், ஒரு மாணவியின் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். பொய்யில்லை.

ராக்கப்பன் களத்தில்தான் இருந்தார். போட்டோவில் பார்த்ததைவிடப் பத்து வயது கூடியிருந்தது. மிளகாய் நெடியில் காளிராஜுக்குத் தொடர்ந்து நான்கு தும்மல். ‘காலேஜிலிருந்து வாரேன்’ என்று சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர். நெடியால் வந்தது என்றே இருக்கட்டும்.

“காலேஜா? வாங்க சார், வெயில்ல நிக்காதீக, இங்கன வாங்க” என்று வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போனார் ராக்கப்பன். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி சோணையம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து காளிராஜின் கையில் கொடுத்தாள். கணவன் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டாள்.

“அய்யா, ஜெயப்பிரியாவோட போனு...” என்று இழுத்தார் காளிராஜ்.

ராக்கப்பன் மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே போன். முதுகுப்பக்கம் புடைத்து, கண்ணாடி பிளந்திருந்தது. “பேட்டரி வீங்கிப்போச்சு சார். பத்து நாளாச்சு. முதுகுளத்தூர்ல கடைக்காரரு தூக்கிப் போடச் சொல்லிட்டாரு. தூக்கிப்போட மனசு வருமா? தெனமும் காலையில இதுல அதோட பேச்சக் கேட்டுட்டுத்தான் தோட்டத்துக்குப் போவேன்.”

“வருசத்துக்கு ஒருக்கா இதுல ஒரு கேள்வி வருமே.”

“ஆமா, வரும். நான்தான் அமுக்குவேன். அது சொல்லியிருந்துச்சு. ‘அய்யா, நான் வெளிய தெருவ போயிருக்கையில இப்படி ஒண்ணு வந்தா பச்சைய அமுக்குங்க, எங்க லேபு சாருதான்’னு.” ராக்கப்பன் போனைத் துடைத்தார். “அதுக்குப் பெறகும் வந்துச்சு. ஜெயப்பிரியா நீங்கதானான்னு பேரச் சொல்லிக் கேக்குது. இல்லேன்னு எப்படி சார் அமுக்குறது?”

காளிராஜ் சொம்பைக் கீழே வைத்தார்.

“கடைசியா அன்னைக்கும் நான்தான் அமுக்குனேன்” என்றார் ராக்கப்பன்.

“என்னைக்கு?”

“அது போன அன்னைக்கு. போனச் சார்ஜுல போட்டுட்டு மறந்துட்டுப் போயிருச்சு. நான் களத்துல இருந்தேன். சத்தங்கேட்டு உள்ள ஓடிப்போயி, கண்ணாடியத் தேடி மாட்டி அமுக்குறதுக்குள்ள ரொம்ப நேரமாயிருச்சு.”

கண்ணாடி. அந்த அரை நிமிடம் ராக்கப்பன் கண்ணாடியைத் தேடிய நேரம். அவள் கையில் போனே இல்லை. வண்டியில் அவள் எதையும் பார்க்கவில்லை, எதையும் அமுக்கவில்லை. மூன்று வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போவதைக் காளிராஜ் உடம்பால் உணர்ந்தார். மகளைப் பறிகொடுத்தவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ராக்கப்பன் நிறுத்தவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போலப் பேசினார்.

“அன்னைக்குச் சாயங்காலம் அதப் பொண்ணு பாக்க வாரதா இருந்துச்சு சார். நான் பாத்த எடம். அதுக்குப் புடிக்கல. பரீட்ச முடியட்டும்யான்னு அழுதுச்சு. நான் கைய ஓங்கிட்டேன். அடிக்கல, ஓங்குனேன். மூஞ்சியக் கழுவிட்டு, தையக்கடையில சட்டைய வாங்கிட்டு வாரேன்னு வண்டிய எடுத்துச்சு. பாதித் தொலைவுல, கண்மாய்க்கரைகிட்ட...” செருமிக்கொண்டார். “லாரிக்காரரு போலீசுல சொன்னாரு. ரோட்டுல வேற வண்டி இல்ல, ஓரமா நேராப் போன புள்ள, திடீர்னு திரும்பி எம் முன்னால வந்துருச்சுன்னு. புள்ளையோட வண்டி நம்ம ஊரப் பாத்துத்தான் கெடந்துச்சு.”

காளிராஜ் நிமிர்ந்தார்.

“ஊரே சொல்லுது சார். ராக்கப்பன் புடிச்ச மாப்பிள்ளையப் புடிக்காம, அவன் மக தானாப் போயி லாரிக்கு முன்னால விழுந்துட்டான்னு. இவளும் அப்படித்தான் நெனைக்கிறா. மூணு வருசமாச் சோறு போடுறா, மொகங்குடுத்துப் பேசுறதில்ல. நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். வேறென்ன நெனைக்க? நேராப் போற ரோட்டுல, தையக்கடைக்குப் போற புள்ள, எதுக்கு சார் பாதியில திரும்பணும்? சொல்லுங்க.”

பதில் காளிராஜிடம் இருந்தது. உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. போனக் கையிலயே வச்சுக்க. விட்டுட்டேன்னா நாப்பத்திரெண்டு பேரு பொழப்பும் போச்சு. விடமாட்டேன் சார். கண்மாய்க்கரைகிட்ட அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. மணி பதினொன்றரை தாண்டிவிட்டது, சார் காத்திருப்பார் என்று பதறியிருக்கிறாள். அய்யா ஏற்கெனவே அமுக்கிவிட்டார் என்பது தெரியாமல், முன்னும் பின்னும் பார்க்காமல் வண்டியைத் திருப்பியிருக்கிறாள்.

சற்று முன் எழுந்து போனது திரும்பி வந்து உட்கார்ந்தது. முன்னைவிடக் கனமாக. இவ்வளவு நாளும் அது அவருடைய ஊகம்தான். இனி ஊகம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சொல்லாமல் போகலாம். இரண்டு மணிக்குப் பஸ் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர் பேசியது அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும், அவள் இல்லை. கணக்கு அடுத்த வாரம் மூடிவிடும். கேள்வியும் நின்றுபோகும். கூடவே இந்த மனிதன் சாகும்வரை இந்த வேப்பமரத்தடியில், ஓங்கிய கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

“அய்யா” என்றார் காளிராஜ். “அது தானா விழல. போன எடுக்கத் திரும்பியிருக்கு.”

“போன எடுக்க என்ன அவசரம்?”

“நான்தான் சொன்னேன். முந்துன நாள் சாயங்காலம் கூப்பிட்டேன். பதினொன்றரைக்குக் கேள்வி வரும், போனக் கையிலயே வச்சுக்க, விட்டுட்டா எல்லாருக்கும் பரீட்ச போயிரும்னு சொன்னேன். அந்த லேபு சாரு நான்தான்யா.”

ராக்கப்பன் தனக்குள் எதையோ எண்ணிப் பார்ப்பவர்போலச் சொன்னார்.

“ஆமா. வெள்ளிக்கெழம சாயங்காலம் யாரோ கூப்பிட்டாக. சிரிச்சுக்கிட்டே பேசிச்சு. அழுதுக்கிட்டிருந்த புள்ள சிரிக்குதேன்னு பாத்தேன்.” பிறகு அவர் முகம் மாறியது. துண்டோடு எழுந்து காளிராஜின் முன்னால் வந்து நின்றார். “மூணு வருசம். மூணு வருசமா எங்க சார் இருந்தீக?”

அடித்துவிடுவார் என்று காளிராஜ் நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் நினைத்தார். ஆனால் ராக்கப்பனின் கை எழவில்லை. அந்தக் கையை அவர் அன்றைக்குப் பிறகு யார் மேலும் ஓங்கியிருக்க மாட்டார். வீட்டுப் பக்கம் திரும்பி, “ஏத்தா, இங்கன வா” என்றார். “வந்து இவுகள்ட்டக் கேளு.”

சோணையம்மாள் நிலைப்படிக்கு வந்தாள். உள்ளிருந்தே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. இறங்கி, வெயிலில் வெறுங்காலோடு நடந்துவந்து காளிராஜைப் பார்த்தாள்.

“எம்புள்ளைய போன எடுக்க வரச் சொன்னது நீங்கதானா?”

வரச் சொல்லவில்லை, கையில் வைத்துக்கொள்ளத்தான் சொன்னேன் என்று வாதாடலாம். வருடா வருடம் ‘நீங்கள்தானா’ என்ற கேள்விக்கு வேறொருவர் பதில் சொல்லியிருக்கிறார், இவர் வெளியில் நின்று கதவு திறக்கக் காத்திருந்திருக்கிறார்.

“ஆமா” என்றார் காளிராஜ். “நான்தான்.”

சோணையம்மாள் அவரைத் திட்டவில்லை, சபிக்கவில்லை. நேராகக் களத்தைக் கடந்து தெருவுக்குப் போனாள். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடமாக அவர்களிடம் தலைகுனிந்தே பேசியவள் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“ஏ, கேட்டுக்கங்க! எம்மக தானா விழலடி! போன எடுக்கத் திரும்பியிருக்கு! வாக்குக் குடுத்துட்டமேன்னு திரும்பியிருக்கு! இந்தா நிக்கிறாருல்ல, வந்து அவருகிட்டக் கேளுங்க!”

கதவுகள் திறந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து களத்தின் ஓரத்தில் நின்றார்கள். ஒருவர் முதலில் கேட்டார், பிறகு இன்னொருவர் கேட்டார். கேட்ட ஒவ்வொருவரிடமும் காளிராஜ் முதலிலிருந்து சொன்னார். இரண்டு மணி பஸ் போய்விட்டது. அவர் பக்கத்தில், வீங்கிய போனை மடியில் வைத்துக்கொண்டு, ராக்கப்பன் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். சோணையம்மாள் திரும்பி வந்து, புருசன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “அழுகாதீக” என்றாள்.